கொல்லை வாசல் இல்லாத வீடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் முட்டி வலியில் வந்து நிற்கிறது. அது ஓய்ந்தால் பிள்ளைகள் கட்டும் வீடு. என் மகனும் கட்டுகிறான். வரைபடத்தைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டினான். நீங்களாக இருந்தால் சமையலறை எவ்வளவு அகலம், சாமிக்கு இடம் விட்டிருக்கிறானா, கார் எங்கே நிற்கும் என்று கேட்டிருப்பீர்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வீட்டின் பின்பக்கத்தைத் தேடினேன். "கொல்லை வாசல் எங்கடா?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொன்னான். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் அப்பா கட்டிய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருமகளிடம் சொன்னால் கிழவிக்கு வேறு வேலை இல்லை என்பாள், உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயதிருக்கும். கீழ்வேளூரிலிருந்து பஸ்ஸில் போய், இறங்கி நடக்க வேண்டிய ஊர். அந்த நாளில் எங்கள் பக்கத்தைப் பற்றி நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். நல்ல சேதியாக எதுவும் இருந்திருக்காது. கூலிக்குச் சண்டை, அறுப்புக்கு வெளியூர் ஆள், சத்திரத்தில் போலீஸ். கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி பறக்கும், எங்கள் தெருவில் சிவப்புக் கொடி. அப்பா மிராசுதார் பண்ணையில் ஆள். சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். மிராசுதாரை 'ஆண்டே' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு 'ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்தவர்களில் அவர்தான் முதல். ஊரே அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாம்.

அத்தைக்கு மட்டும் கடைசி வரை நாக்கு திரும்பவில்லை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள். மிராசுதார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளி, கழுவிவிட்டு வருவாள். முட்டி இரண்டும் போய்விட்டது. எழுந்திருக்க வேண்டுமானால் சுவரையோ என் தோளையோ பிடிக்க வேண்டும். கிட்டே போனால் புகையிலையும் சாணமும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனையில்தான் நான் தூங்குவேன்.

எங்கள் ஆட்களுக்கு அந்த வீட்டின் முன்வாசல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. கூலி நெல் அளப்பது கொல்லையில். பழைய சோறு வாங்குவது கொல்லையில். கைகட்டி நின்று திட்டு வாங்குவதும் அங்கேதான். அப்பா சின்னப் பிள்ளையாகப் பண்ணையில் மாடு மேய்த்த காலத்திலிருந்து அந்தக் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு போய்த் திறந்துகொண்டு வந்தவர். இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அவர் செய்த காரியம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டது. எங்கள் குடிசை ஆற்றங்கரைக்குக் கீழே இருந்தது. கரைதான் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் பள்ளத்தில் நாங்கள். எங்களுக்குப் பின்னால் கொஞ்சம் வயல், அதைத் தாண்டினால் களத்துமேடு, அதற்கும் அப்பால் மிராசுதார் வீடு. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும். சில வருஷம் குடிசைக்குள்ளும் வந்துவிடும். வந்தால் யாரும் அலறுவதில்லை. பின்பக்கத்துக் கீற்றுத் தட்டியைத் தூக்கிவிட்டு, அடுப்பையும் ஆட்டையும் எடுத்துக்கொண்டு களத்துமேட்டுக்குப் போய்விடுவோம். தண்ணீர் முன்னால் நுழைந்து பின்னால் போய்விடும். வடிந்ததும் திரும்பி வந்து தரையை மெழுகுவோம். எங்களுக்கு அது எப்போதாவது வந்து போகும் விருந்தாளி மாதிரிதான்.

அந்த மனை எங்களுடையது என்று ஆனதும் அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. குடிசை வேண்டாம், ஓட்டு வீடு என்றார். குடிசைகளுக்குத் தீ வைக்கிற காலம் அது என்பதால் அம்மாவும் சரி என்றாள். சம்பா அறுப்பு முடிந்து தரை காய்ந்ததும் குடிசைக்குப் பக்கத்தில் முளை அடித்து, நடவுக்குப் பிடிக்கிற கயிற்றைக் கட்டி, அதை ஒட்டிச் சாம்பலைத் தூவி, வீட்டைத் தரையில் வரைந்தார். முகப்பு ஆற்றைப் பார்த்து. ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் அடுப்படி. தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்தச் சாம்பல் வீட்டுக்குள் குடித்தனம் நடத்தினோம். வாசல் என்று விட்ட இடத்தின் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கோட்டைத் தாண்டிக் குதித்தவனுக்கு முதுகில் ஒன்று விழுந்தது.

அத்தை வந்து பார்த்தாள். வாசல் வழியாக மரியாதையாக நுழைந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்கோட்டையும் தாண்டிப் போய் வெற்றிலை எச்சிலைத் துப்பினாள்.

"அக்கா! செவுத்துக்குள்ளாற பூந்து போறியே!" என்று கத்தினார் அப்பா.

"செவுரு எழும்பட்டும், அப்பறம் நிக்கிறேன். ஏன்டா, கொல்லை வாசல எங்க வெச்சிருக்க?"

"கொல்லை வாசல் கெடயாது."

அத்தை அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"கெடயாதுன்னா? சாம்பல எங்க கொட்றது? பாத்திரம் எங்க கழுவுறது? பொம்பளைங்க அவசரத்துக்கு ஒதுங்கணும்னா ஊரு பாக்க ரோட்டு வழியாவா போறது?"

"எல்லாம் முன்னாடிதான். பொறந்ததுலேர்ந்து கொல்லைப் பக்கமாவே நொழஞ்சாச்சு. போதும். என் வீட்டுக்கு வர்றவன் போறவன் எல்லாம் தலவாசல் வழியாத்தான் வரணும். எவனும் பின்னாடி வந்து நின்னு கொரல் குடுக்கக் கூடாது."

"அது அவங்க வீட்டுக் கொல்லைடா தம்பி. இது நம்ம வீட்டுக் கொல்லை. இதுல என்ன கேவலம்?"

"உனக்குப் பழகிப் போச்சு."

அத்தை திரும்பி ஆற்றங்கரையைப் பார்த்தாள். பிறகு, "சரிடா, தண்ணி வந்தா?" என்று கேட்டாள்.

"தண்ணிய எனக்குத் தெரியும். தரைய ஒசத்திப் போட்டுட்டா உள்ள வராது."

இன்றைக்கு நினைத்தால் அதுதான் உறுத்துகிறது. அப்பா மனிதர்களை நினைத்து அந்த வீட்டை வகுத்தார். தீ வைக்கிறவனுக்காக ஓடு, கொல்லையில் நிற்க வைத்தவனுக்காகப் பின்சுவர். ஆறு அவருக்குத் தெரிந்த ஆள். தெரிந்த ஆள் என்ன செய்துவிடப் போகிறது என்று அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

வீடு எழும்பியது. முன்சுவர் மட்டும் செங்கல், மற்றது மூன்றும் மண்சுவர். வைக்கோல் போட்டு மிதித்த மண்ணை ஒரு படை வைத்து, அது காய்ந்ததும் அடுத்த படை. மிதிக்கிற வேலை பிள்ளைகளுக்கு. அந்தச் சேற்றின் குளிர்ச்சியும் வைக்கோல் காலில் குத்தும் அரிப்பும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு ஒரு நாள் மாட்டு வண்டியில் கதவு வந்தது. வலங்கைமான் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டை இடித்தார்களாம். அந்தக் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்டதாம். நிலையோடு கூடிய இரட்டைக் கதவு. பித்தளைக் குமிழ், மரத்தில் செதுக்கிய தாமரை, உள்பக்கம் தூக்கிப் போடுகிற கனமான மரத் தாழ்ப்பாள். தெருவே கூடிவிட்டது. எங்கள் வீட்டுக்கு அந்தக் கதவு, குழந்தைக்குப் போட்ட அப்பன் சட்டை மாதிரிதான் இருந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து தாமரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா அந்த நிலைக்கு நடுவில் நின்றதைப் போல வேறு எங்கும் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

குடிபோன பிறகு கஷ்டம் அத்தைக்குத்தான். சாம்பல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் வழியாக முன்வாசலில் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போவாள். அடுப்புப் புகை வெளியே போக வழியில்லாமல் அடுப்படியிலேயே சுற்றும். எச்சில் துப்ப ஒரு கொட்டாங்கச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. கேலிதான் செய்தாள். வெள்ளிக்கிழமை காலையில் முன்வாசலில் கோலம் போட்டு முடித்ததும், அடுப்படிக்கு வந்து பின்சுவரின் கீழே, கொல்லை வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், கையகலத்துக்கு ஒரு கோலம் போடுவாள்.

"இங்க யாரு அத்தை வருவா?" என்று கேட்டேன்.

"இங்க ஒரு வாசல் இருக்குடி ஆயி. உங்கப்பன் கண்ணுக்குத்தான் தெரியல."

அப்பா அந்தக் கோலத்தைப் பார்ப்பார். பார்க்காதது போல, மிதிக்காமல் ஒதுங்கிப் போவார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் சோறு போடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. போதாததற்குக் குறுவை அறுப்பிலேயே கூலித் தகராறு வந்து, மிராசுதார் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்திருந்தார். எங்கள் தெரு ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அத்தை மட்டும் மாடு என்ன பாவம் செய்தது என்று போய்க்கொண்டிருந்தாள். அதனால் அப்பாவுக்கும் அவளுக்கும் பேச்சு நின்றிருந்தது.

ஒரு நாள் காலையில் கரை கசிகிறது என்று தப்படித்துச் சொன்னார்கள். ஆண்கள் எல்லாரும் மூங்கில் கழி, வைக்கோல், சாக்கோடு கரைக்கு ஓடினார்கள். போகும்போது அப்பா அம்மாவிடம், "தாழ்ப்பாளப் போட்டு அடியில சாக்க அடைச்சு வையி. இது குடிசையில்ல, ஒண்ணும் ஆவாது. நான் வந்து தட்டுற வரைக்கும் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தையைப் பார்த்தார். கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார்.

முதலில் கதவின் அடியில் நுரை வந்தது. பிறகு வண்டி குடை சாய்ந்தது போல ஒரு சத்தம். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே கரை உடைந்துவிட்டது. செங்கல் சுவர் தாங்கியது, கதவும் தாங்கியது. ஆனால் முன் ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொட்டியது. அம்மா தாழ்ப்பாளைத் தூக்கப் பார்த்தாள். வெளியே இருந்த தண்ணீர் கதவை நெருக்கிக்கொண்டிருந்தது. மழையில் ஊறிய மரம் வேறு. அந்தத் தாழ்ப்பாள் அசையவில்லை. தண்ணீர் அம்மாவின் இடுப்புக்கு வந்தது. என்னைத் தூக்கிப் பரணில் போட்டாள். கூடையும் பாத்திரங்களும் கூடத்தில் மிதந்து ஒன்றையொன்று இடித்தன.

"அக்கா, பரண்ல ஏறுங்க! நான் தூக்குறேன்!" என்று கத்தினாள் அம்மா.

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டா? நீ புள்ளயப் புடி. அந்த ஒலக்கைய இப்படித் தள்ளு."

உலக்கை மிதந்துகொண்டுதான் இருந்தது. அத்தை அதைப் பிடித்து, அடுப்படிக்குப் போய், தான் கோலம் போடுகிற இடத்துக்கு நேரே நின்றுகொண்டு பின்சுவரை இடிக்க ஆரம்பித்தாள். பரணில் குப்புறப் படுத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பளவுத் தண்ணீரில் நின்று, நெல் குத்துகிற மாதிரியே மூச்சு விட்டு விட்டு இடித்தாள்.

"வேணாங்க்கா, செவுரு மேல விழும்!"

"நெல்லு குத்துன கைடி இது. செவுரு என்ன பெரிய செவுரு" என்றாள். அவள் சொல்லி நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

சுவரின் அடிப்பகுதி வெளியே பிடுங்கிக்கொண்டு போனது. மேல் படைகள் உள்ளே சரிந்தன, ஓடுகளோடு. அந்தத் திறப்பின் வழியாகத் தண்ணீர் பெரும் இரைச்சலோடு வயலுக்குப் பாய்ந்தது. அம்மாவின் கழுத்தில் இருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு இறங்கியது. அத்தை நின்ற இடத்தில் மண் மேடு மட்டும் இருந்தது.

அப்பா வந்தபோது தலைவாசல் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து அந்தத் திறப்பின் வழியாகத்தான் தன் வீட்டுக்குள் நுழைந்தார். கையால் தோண்டினார். மண்வெட்டி கொடுத்தவர்களைத் திட்டினார். வெளியே எடுத்தபோது அத்தையின் கையில் உலக்கை இல்லை. விரல்கள் மட்டும் அதைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன. கதவில் ஒன்றைக் கழற்றி, தாமரை மேலே தெரிய அவளை அதில் கிடத்திக் களத்துமேட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பேச்சு நின்றிருந்த அக்காவிடம் அப்பா அன்றைக்கு வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தார். "பாத்து, பாத்து, முட்டி இடிக்கும்" என்று.

களத்துமேட்டில் செத்தவளை வைக்கலாம்; பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நனைவது? நனையாத கூரை என்று ஊரில் மிச்சமிருந்தது மிராசுதார் வீடு ஒன்றுதான். அத்தைக்குக் காவலாகச் சொந்தக்காரர்களை உட்கார வைத்துவிட்டு, தெரு மொத்தமும் அங்கே போனது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, அம்மா பின்னால் வர, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார்.

மிராசுதார் வீட்டம்மா முன்வாசலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தார். என் பிறப்பில் அந்த வாசலை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் கதவில் இருந்த மாதிரியே தாமரை. "இப்படியே வாங்க! வாசல் வழியாவே வாங்க, பரவால்ல, வாங்க!" என்று கூப்பிட்டார். எங்கள் தெரு இளவட்டங்கள் சிலர் படியேறினார்கள். அவர் அப்பாவையும் பார்த்துக் கூப்பிட்டார். அப்பாவின் காதில் விழாமல் இல்லை. அவர் தலை நிமிர்ந்தது எனக்குத் தோளில் தெரிந்தது. ஆனால் அவருடைய கால்கள் திரும்பிவிட்டன. பக்கத்துச் சந்தில் இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டே, கொல்லைப் படலைத் திறந்து மாட்டுக் கொட்டகைக்குள் போய் என்னை இறக்கினார்.

கோபமா, வீம்பா, வெறும் பழக்கமா? இத்தனை வயதாகியும் எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதுமில்லை. என்மேல் அத்தையின் வாசனை இருந்திருக்கும். ஒரு பசு வந்து என் கையை நக்கியது. அப்போதுதான் அப்பா அழுதார். மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

தண்ணீர் வடிந்ததும் வீட்டைச் சரி செய்தார். முன்சுவர் அசையாமல் நின்றதால் அதிகம் வேலை இல்லை. பின்சுவரை மறுபடி வைத்தபோது, அத்தை இடித்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார். பிறகு ஒருவரையும் கேட்காமல், தலைவாசலில் இருந்த நிலையையும் கதவையும் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தார். முன்னால் ஒரு பலகைக் கதவு. தாமரையும் பித்தளைக் குமிழுமாகக் கொல்லை வாசல் நின்றது. தெருவில் சிரித்தவர்கள் உண்டு. அம்மாதான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: "என்னங்க இது, ஊரு ஒலகத்துல இல்லாத கூத்து?"

"அக்கா வெச்ச வாசல்" என்றார்.

தாழ்ப்பாளை அறுத்து அடுப்பில் போட்டுவிட்டார். வெயிலோ மழையோ அந்தக் கதவு திறந்தே கிடக்கும். வேலை முடிந்து வரும்போது சாலையிலிருந்து இறங்கி, பலகைக் கதவைத் தாண்டி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்த்தான் உள்ளே நுழைவார். வெள்ளிக்கிழமை அங்கே கோலம் போடுகிற வேலை எனக்கு. சாகிற வரை அப்பா தன் வீட்டுக்குள் கொல்லை வழியாகத்தான் வந்தார்.

அந்த வீடு இப்போது இல்லை. கரையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. கதவு யாரிடம் போனது என்று எனக்குத் தெரியாது. நான் படித்து, வேலைக்குப் போய், நகரத்துக்கு வந்து, உங்களில் ஒருத்தியாகிவிட்டேன்.

மகன் என்ன சொன்னான் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? "அட, ஆமாம்மா, நல்ல யோசனை. பின்னாடி ஒண்ணு வெச்சுடலாம். வேலைக்கு வர்றவங்க அந்த வழியா வந்துட்டுப் போயிடுவாங்க, ஹாலுக்குள்ள வர வேண்டியதில்ல" என்றான். அவனுக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் தோள். கைப்பேசியில் விரலால் ஒரு இடத்தைத் தொட்டான். பின்சுவரில் கதவு வந்துவிட்டது. முன்வாசலில் பாதி அகலம் இருக்கும்.